மன்னிப்புக் கேட்டா மட்டும் போதுமா? ஜனாஸாக்களை எரிச்சதுக்குப் பதில் எங்க?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொரோனா நேரம் முஸ்லிம்களான எங்கட ஜனாஸாக்களை, அதாவது இறந்தவங்கட உடல்களை, பலவந்தமா எரிச்சதுக்கு மன்னிப்புக் கேக்கிறதா 2024 ஜூலையில இலங்கை அமைச்சரவை முடிவெடுத்தது. அதோட விஷயம் முடிஞ்சுது என்டு நிறையப் பேர் நினைக்கிறாங்க, எங்கட ஆக்கள்லயே சிலர் இனி அதைக் கிளறி என்ன வரப்போகுது என்டு கேக்கிறாங்க. எனக்கு அப்படி விட மனசு வரல்ல, அதனாலதான் இந்தக் கடிதம்.

2020 மார்ச் கடைசியில நீர்கொழும்புல எங்கட ஒருத்தர் கொரோனாவுல மௌத்தாகி அவரை எரிச்சாங்க, ஏப்ரல் 11ஆம் திகதி அரசாங்க வர்த்தமானி அறிவித்தல் போட்டு கொரோனாவுல இறந்தா எரிக்க மட்டும்தான் முடியும் என்டு ஆக்கிட்டாங்க. அதுக்கு முந்தியே உலக சுகாதார நிறுவனம் புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்டு வழிகாட்டல் குடுத்திருந்துச்சு. இங்க மட்டும் நிலத்தடித் தண்ணியில வைரஸ் கலந்துரும் என்டு ஒரு கதை. பிறகு ஆய்வு செஞ்சு பாத்ததுல அடக்கத்தால தண்ணிக்கு வைரஸ் போகல்ல என்டு தெரிஞ்சுதான் அமைச்சரவையே மன்னிப்புக்கு வந்தது, ஆனா அதுக்கிடையில போனது போனதுதானே.

மய்யித்தை, அதாவது இறந்தவர்ட உடலை, குளிப்பாட்டி, கபன் என்ட வெள்ளைத் துணியால சுத்தி, தொழுவிச்சு, அடக்குறது உயிரோட இருக்கிற எங்க மேல உள்ள கடமை. அதுல ஒன்டையும் செய்ய விடல்ல. எரிக்கிறதுக்குச் சவப்பெட்டி வாங்கிக் குடுக்க மாட்டோம், கையெழுத்தும் போட மாட்டோம் என்டு குடும்பங்கள் சொல்லிச்சு, அதுக்குப் பிறகும் பொறுப்பேற்க ஆள் இல்லாத உடல் என்டு சொல்லி எரிச்சாங்க. 2020 டிசம்பர்ல பிறந்து 20 நாள் மட்டுமே ஆன ஒரு பிள்ளையை, தாய் தகப்பன் வேணாம் என்டு சொல்லச் சொல்ல எரிச்சாங்க. அதைக் கேட்டுத்தான் சனம் கொழும்பு பொரளை கனத்தை மயானத்து வேலியில போய் கபனுக்கு அடையாளமா வெள்ளைத் துணி கட்டிச்சு, முஸ்லிம்கள் மட்டும் இல்ல, சிங்கள ஆக்களும் தமிழ் ஆக்களும் பாதிரிமாரும் வந்து கட்டினாங்க. அந்த மனுசங்களை நான் மறக்க மாட்டேன்.

இப்ப சட்டத்துக்கு வாறேன். குடியியல் அரசியல் உரிமைகள் சமவாயம் என்ட ஐ.நா. ஒப்பந்தத்துல இலங்கை சேர்ந்தது 1980ல. அதுல 18ஆம் உறுப்புரை மதச் சுதந்திரம், 27ஆம் உறுப்புரை சிறுபான்மையினர் தங்கட மதத்தைக் கடைப்பிடிக்கிற உரிமை. சுகாதாரத்துக்காகக் கட்டுப்பாடு போடலாம் என்டு அந்த 18லயே இருக்கு, அதை நானும் ஒத்துக்கொள்றேன், ஆனா அந்தக் கட்டுப்பாடு உண்மையில அவசியமா இருக்கணும் என்டும் அதுலயே இருக்கு. அவசரகாலம் என்டு சொல்லி பல உரிமைகளை நிறுத்தி வைக்கலாம், ஆனா அப்பவும் நிறுத்த ஏலாத உரிமைகள்ல 18உம் ஒன்டு என்டு 4ஆம் உறுப்புரை சொல்லுது. எங்கட அரசியலமைப்புலயும் 10ஆம் உறுப்புரையும் 14உம் இருக்கு. இவ்வளவு இருந்தும் குடும்பங்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனப்ப 2020 டிசம்பர் 1ஆம் திகதி பெரும்பான்மை முடிவுல மனுக்களை விசாரணைக்கே எடுக்கல்ல, காரணமும் சொல்லல்ல.

சரி, அந்தச் சமவாயத்தைக் கண்காணிக்கிற, ஜெனீவாவுல இருக்கிற ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு முறைப்பாடு போகலாமே என்டு கேப்பீங்க. அதுக்கு வழி விடுற நெறிமுறையில 1997ல இலங்கை சேர்ந்தது உண்மை. ஆனா 2006ல சிங்கராசா என்டவர்ட வழக்குல உயர் நீதிமன்றம் அப்படிச் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்டு சொன்ன பிறகு அங்க தீர்ப்பு வந்தாலும் இங்க அதுக்கு வலு இல்ல. 2007ல அந்தச் சமவாயத்துக்காக என்டு ஒரு சட்டம் கொண்டுவந்தாங்க, அதுல 18உம் இல்ல 27உம் இல்ல. அதே சட்டத்தை வச்சு 2020 ஏப்ரல்ல ஃபேஸ்புக்ல எழுதின ஒரு ஓய்வுபெற்ற முஸ்லிம் உத்தியோகத்தரைப் பிடிச்சு மாசக்கணக்கா உள்ள வச்சிருந்தாங்க, 2023லதான் உயர் நீதிமன்றம் அவருக்கு நட்டஈடு குடுக்கச் சொன்னது. எங்களைப் பாதுகாக்க வந்த சட்டம் எங்களைப் பிடிக்கத்தான் கைக்கு வந்திருக்கு, இதை நினைச்சாலே வயிறு எரியுது.

கடைசியில 2021 பெப்ரவரி 25ஆம் திகதி அடக்கத்துக்கு அனுமதி வந்ததும் எப்படி? ஜெனீவாவுல ஐ.நா. மனித உரிமைப் பேரவை அமர்வு நடக்குது, அங்க அரசாங்கத்துக்கு முஸ்லிம் நாடுகளோட வாக்கு வேணும், பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்துட்டுப் போறார், அடுத்த நாள் வர்த்தமானி. நாங்க கேட்ட உரிமையா அது வரல்ல. அதுக்குப் பிறகும் முதல்ல இரணைதீவுல அடக்கலாம் என்டாங்க, அங்க உள்ள மீனவச் சனத்துக்கிட்டக் கேக்காமலே அறிவிச்சதால அவங்களும் எதிர்த்தாங்க, பிறகுதான் எங்கட ஓட்டமாவடி மஜ்மா நகர். அங்க 3,600க்கும் மேல அடக்கம் நடந்துச்சு, முஸ்லிம்கள்தான் கூட, ஆனா பௌத்த, இந்து, கிறிஸ்தவ மய்யித்துகளும் அதே மண்ணுலதான் கிடக்கு. கொழும்புல இருந்து ராவெல்லாம் பயணம் செஞ்சு வாற பிள்ளைகள் வரிசை வரிசையா நட்ட கல்லுகள்ல வாப்பாட இலக்கத்தைத் தேடி நடக்கிறதை இங்க உள்ள நாங்க பாத்திருக்கோம். எரிக்கப்பட்டவங்கட பிள்ளைகளுக்கு அப்படித் தேடிப் போக ஒரு கல்லும் இல்ல.

உரிமை மீறப்பட்டா நிவாரணம் குடுக்கணும் என்டு அதே சமவாயத்துட 2ஆம் உறுப்புரையில இருக்கு, மன்னிப்பு என்ட ஒரு வரியால அது நிறைவேறாது. எரிக்கச் சொன்ன நிபுணர் குழு என்ன அறிக்கையைப் பாத்து முடிவெடுத்தது என்டதைப் பாராளுமன்றத்துல வைக்கணும், விருப்பத்துக்கு மாறா எரிக்கப்பட்டவங்கட குடும்பங்களுக்கு, கிறிஸ்தவக் குடும்பங்களும் உட்பட, நட்டஈடு குடுக்கணும், 2007 சட்டத்தைத் திருத்தி 18ஐயும் 27ஐயும் அதுக்குள்ள கொண்டுவரணும், ஜெனீவாத் தீர்ப்புக்கு இங்க வலு கிடைக்க சட்டம் போடணும். எங்கட வாக்கை வாங்கிப் பாராளுமன்றம் போனவங்க, ஆளும் பக்கம் எதிர்ப்பக்கம் எல்லாரும், இதுல எதுக்குப் பிரேரணை கொண்டுவந்தாங்க என்டதை உங்கட பத்திரிகையே அவங்கக்கிட்டக் கேட்டு எழுதணும் என்டு கேட்டுக்கொள்றேன்.

இப்படிக்கு,
ஓட்டமாவடி வாசகர் ஒருவர்