மூணு மாச அட்வான்ஸ்னு சட்டம் இருக்கு, சென்னைல யார் வாங்கறாங்க?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் காட்பாடி விருதம்பட்டுல இருக்கேன். வேலை அம்பத்தூர் எஸ்டேட்ல. ஆறு வருஷமா சீசன் டிக்கெட்லதான் போய் வந்துகினு இருக்கேன், விடிகாலைல ஏலகிரி எக்ஸ்பிரஸ் புடிச்சு அரக்கோணத்துல எறங்கி லோக்கல் மாறி பட்டரவாக்கம், திரும்ப வீடு சேர ராத்திரி ஒன்பது தாண்டிடும், சின்னவ தூங்கியிருப்பா. சீசன் 150 கிலோமீட்டர் வரைக்கும்தான் குடுக்கறாங்க, காட்பாடி அதுக்குள்ள வர்றதால பொழச்சோம். எங்க பெட்டில காட்பாடி, வாலாஜா, சோளிங்கர்னு ஏறுறவங்க பாதிப் பேர் என் கதைதான்.

சரி, அங்கயே வீடு பாத்துடலாம்னு போன மாசம் நாலு ஞாயித்துக்கிழமை கொரட்டூர், பாடி, அம்பத்தூர்னு சுத்தினேன். ரெண்டு ரூம், மேல் மாடி, வாடகை 14,000. அது கூட எப்படியாவது இழுத்துடலாம் சார், அட்வான்ஸ் பத்து மாசம்ங்கறாங்க! 1,40,000, முதல் மாச வாடகை, புரோக்கருக்கு ஒரு மாசம், ஆக சாமான் ஏத்தற வண்டிக்கு முன்னாடியே 1,68,000. என் சம்பளம் 26,000. கரண்ட்டுக்கு சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 9 ரூபா, கவர்மெண்ட் குடுக்கற 100 யூனிட் இலவசம் யார் கணக்குல போகுதுன்னு கேட்டா மூஞ்சி மாறிடுது. ஒரு வீட்டுக்காரம்மா நான்வெஜ் சமைப்பீங்களான்னு வேற கேட்டாங்க, ஆம்பூர்ல பொண்ணு எடுத்தவன்கிட்ட கேக்கற கேள்வியா அது.

நான் சொல்ல வந்தது அட்வான்ஸ் பத்தி. 1960 வாடகை சட்டத்த எடுத்துட்டு 2017ல புதுசா ஒரு சட்டம் போட்டாங்க, 2019 பிப்ரவரில அமலுக்கு வந்துச்சு. அதுல டெபாசிட் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு இருக்கு. என் கணக்குக்கு 42,000, சீட்டு எடுத்தாவது கட்டிடுவேன். ஆனா அதே பிரிவுலயே வேற மாதிரி ஒப்பந்தம் இருந்தா தவிரன்னு ஒரு வார்த்தையும் இருக்கு. வீடு கெடைக்காதவன் எந்த ஒப்பந்தத்துல கையெழுத்து போடாம இருப்பான்? நீட்டின எடத்துல போட்டுட்டு சாவி வாங்குவான். அக்ரிமெண்ட்ட வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும்னும் சட்டத்துல இருக்கு, அத சொன்னா புரோக்கர் சிரிக்கறார், அதெல்லாம் வேண்டாம் தம்பி பதினோரு மாசத்துக்கு எழுதிக்கலாம்ங்கறார்.

வீட்டுக்காரங்க எல்லாரும் கெட்டவங்கன்னு சொல்ல வரல. வாடகை பாக்கி வச்சுட்டு காலி பண்ணாம கோர்ட்டுக்கு இழுத்தவங்களும் இருக்காங்க, அந்த பயம் நியாயம்தான். அதுக்கு மூணு மாசம் போதாதுன்னா நாலு ஆக்குங்க, பத்து எதுக்கு? வட்டியில்லாம வாங்கி வச்சுக்கற கடன்தானே அது, காலி பண்றப்ப பெயிண்ட் அடிக்கணும்னு அதுலயும் ஒரு மாசம் புடிச்சுப்பாங்க.

இங்க ஊர்லயே இருந்துடலாம்னாலும் காட்பாடி முன்ன மாதிரி இல்ல, காலேஜ் பசங்க நாலு பேர் சேந்து தலைக்கு இவ்ளோன்னு குடுக்கறப்ப குடும்பத்துக்கு யார் வாடகைக்கு விடுவாங்க. சென்னை பெருநகர எல்லைய 1,189 சதுர கிலோமீட்டர்ல இருந்து 5,904க்கு பெருசாக்க 2022ல அரசாணை போட்டாங்க, அப்பறம் பாத்தா வாலாஜா தாண்டி கூட பிளாட் போர்டுல "சென்னைக்கு மிக அருகில்". அவ்ளோ அருகில்னா நான் ஏன் சார் அஞ்சு மணிக்கு எழுந்துக்கறேன்.

அந்த "ஒப்பந்தம் இருந்தா தவிர"ங்கறத சட்டத்துல இருந்து எடுக்க நம்ம எம்எல்ஏக்கள் சட்டசபைல பேசணும். பதிவு பண்ணாத அக்ரிமெண்ட்டுக்கு அபராதம் வீட்டுக்காரருக்கு போகணும், குடித்தனக்காரனுக்கு இல்ல. அது வரைக்கும் ரயில்வேக்காரங்க காலை வண்டில ரெண்டு அன்ரிசர்வ்டு பெட்டி கூட சேத்தா போதும், அரக்கோணம் வரைக்கும் கதவுகிட்ட தொங்கிகினு போறோம்.

இப்படிக்கு,
ஒரு சீசன் டிக்கெட் பயணி,
விருதம்பட்டு, காட்பாடி