மஞ்சள் முடிச்சு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஆம்பூரில் தோல் வேலை மந்தம் என்று எழுதியிருந்தாய். திருப்பூரிலும் அதே கதைதான். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் எனக்கு ஜாப் ஒர்க்காகத் துணி தைக்கக் கொடுப்பவர்கள் பாதி ஆர்டரை நிறுத்திவைத்துவிட்டார்கள். 12 மெஷினில் ஏழுதான் ஓடின.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குச் சோறு போடும் பந்தலுக்கு வருடா வருடம் ஐந்து சிப்பம் அரிசி கொடுப்பேன். இம்முறை இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். பந்தல்காரர் எதுவும் கேட்காமல் நோட்டில் எழுதிக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், உண்டியலுக்கு மட்டும் கை தாராளமாகிவிட்டது. ஆர்டர் நின்ற வாரமே வீட்டில் அவள் மஞ்சள் துணியில் 101 ரூபாய் முடிந்து சாமி படத்தடியில் வைத்தாள். அடுத்த மாதம் இன்னொரு முடிச்சு. பிறகு நானே ஒன்று முடிந்தேன்; அதில் 5,000. பழனியில் மூன்றையும் போட்டுவிட்டு வரும்போது விரலெல்லாம் மஞ்சள். இதைத் தர்மம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. முருகனுக்குக் கொடுத்த அட்வான்ஸ் என்று வைத்துக்கொள்.

ஏழைகளுக்குக் கடமையாகக் கொடுக்கும் உங்கள் ஜகாத்தில் இந்தப் பேரத்துக்கு இடமில்லை. ஓராண்டு கையில் தங்கிய செல்வத்தில், கடன் போக, நாற்பதில் ஒரு பங்கு. உரிய அளவுக்குக் கீழே போனால் கடமையே இல்லை. இந்த ஆண்டு உனக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது. ஆனாலும் தெருவில் இரண்டு வீட்டுக்கு நோன்புக்கு அரிசி வாங்கிவைத்திருக்கிறாய். "கூலி பாக்கியும் கடன்தான், அதைக் கழித்துவிட்டுத்தான் மற்றது" என்று போகிற போக்கில் நீ எழுதியிருந்தாயே, அது என்னைத் தூங்கவிடவில்லை. தீபாவளிக்கு டைலர்களுக்குப் பாதி போனஸ் கொடுத்து, மீதி பொங்கலுக்கு என்றேன். பொங்கலும் போயிற்று, பூசமும் போயிற்று.

பந்தலில் சாம்பார் வாளியோடு நின்றது யார் தெரியுமா? வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும் என்று நான் சொன்ன ஓவர்லாக் டைலர். "அண்ணா, இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா?" என்றான். போனஸ் பேச்சையே எடுக்கவில்லை. நோட்டில் அவன் பெயரிலும் ஒரு சிப்பம் இருந்தது.

பாக்கியைக் கூட்டிப் பார்த்தேன், 38,000 வருகிறது. நான்கு சனிக்கிழமைச் சம்பளத்தோடு பிரித்துக் கொடுத்துவிடப் போகிறேன். பங்குனி உத்திரத்துக்கு இன்னொரு முடிச்சு போடலாமா என்று வீட்டில் கேட்கிறாள். பதில் சொல்லாமல் இருக்கிறேன்.

நோன்புக் கஞ்சிக்கு ஒருநாள் வருகிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் பழைய பெஞ்சுக்காரன்