இலவம்பாடிக் கத்தரிக்காய் எங்கள் வீட்டுக்கும் வரட்டும்

மதிப்பிற்குரிய வேலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், வேளாண் விற்பனைத் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம். காட்பாடியில் குடியிருந்துகொண்டு வேலூரில் கணக்கு எழுதும் வேலை பார்ப்பவள் நான். நம் பக்கத்து நிலத்தில் விளைந்ததையே சமைப்பது என்று ஓராண்டுக்கு முன் வீட்டில் முடிவெடுத்தோம். விளைச்சலுக்கு இங்கே குறைவில்லை. ஆனால் அது எங்கள் கைக்கு வந்து சேர்வதுதான் அரிதாக இருக்கிறது.

1999இல் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம், உழவரும் வாங்குபவரும் தரகரின்றி நேருக்கு நேர் நிற்க வழிசெய்த நல்ல ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நான் போகும் சந்தையில் விடியற்காலையில் இறங்கும் காய், ஒன்பது மணிக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எட்டரை மணிப் பேருந்துக்கு ஓடுகிறவர்களுக்கு அந்த நேரம் வாய்ப்பதில்லை. மாலை ஏழு மணிக்குத் திரும்பும்போது வெளியூர்ச் சரக்கு விற்கும் கடைகள்தாம் திறந்திருக்கின்றன.

அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல், இன்ன ஊர் விளைச்சல் என்று அடையாளம் காட்டும் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாங்கள் எவ்வளவு மகிழ்ந்தோம்! காம்பிலும் அதன் கீழ்த் தொப்பியிலும் முள் இருக்கும். அவசரமாக எடுத்தால் விரலில் தைக்கும். ஆம்பூர்ப் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அதற்கு ஈடாக வேறு காயை நான் சொல்லமாட்டேன். நகரத்துக் கடை ஒன்றில் 'இலவம்பாடி' என்று அட்டையில் எழுதிவைத்திருந்த காயை ஒரு கிலோ வாங்கி வந்தேன். என் மாமியார் காம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊர்க் காய் இல்லம்மா" என்றார். முள்ளே இல்லை. உண்மையாகவே இலவம்பாடியில் பயிரிடுபவருக்கு அந்தப் பெயரால் வரவேண்டிய விலையும் இப்படித்தான் கைநழுவுகிறது.

சாமையில் வேறொரு சிக்கல். ஜவ்வாது மலையிலிருந்து உறவினர் உமியோடு கொடுத்தனுப்பிய ஐந்து கிலோவை, அளவு குறைவு என்று எந்த அரிசி ஆலையிலும் ஏற்கவில்லை. இரண்டு மாலைகள் உரலில் இடித்துப் புடைத்தும், சோற்றில் உமி பல்லில் கடிபட்டது.

ஆகவே, வாரத்தில் இரண்டு நாளாவது மாலை ஐந்து முதல் எட்டு மணிவரை உழவர் சந்தையைத் திறந்துவைக்க வேண்டுகிறேன். விடியலில் காய் பறித்து, மாடு கறந்து, பேருந்தேறி வருபவர் மாலையிலும் வந்து உட்கார முடியாது என்பதை அறிவேன். அதனால் அந்த நேர விற்பனையை உழவர் உற்பத்தியாளர் குழுக்களிடம் ஒப்படைத்து, மீந்த காய் வாடாமலிருக்கக் குளிர்பதன அறை ஒன்றும் கொடுத்தால் போதும். முள்ளுக் கத்தரிக்காய்க்கு, எந்த ஊரில் விளைந்தது என்று எழுதிய பலகையோடு தனிக் கடை வேண்டும். சிறிய அளவிலும் சாமை உமி நீக்கித்தரும் இயந்திரம் ஒன்றைச் சந்தை வளாகத்திலேயே நிறுவித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காட்பாடியில் வசிக்கும் ஒரு குடும்பத் தலைவி