லயத்துக் கானில் மருந்தடிக்காதீர்கள், ஐயா

மதிப்புக்குரிய தோட்ட முகாமையாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் குடியிருக்கும் கீழ்ப் பிரிவு லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடும் தண்ணீர்க் கானில் போன மாதம் களைக்கொல்லி அடித்தது உங்களுக்குத் தெரியும். அலுவலகத்துக்கு மூன்று தடவை வந்து சொன்னோம். "பார்க்கிறோம்" என்றார்கள். அதற்குப் பிறகு இன்னொரு தடவையும் அடித்தாயிற்று. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

உங்கள் கணக்கில் அது புல். அந்தப் புல்லுக்குள்தான் மணத்தக்காளியும் வல்லாரையும் இருந்தன. வேலியோரம் ஒரு சாத்தாவாரிக் கொடி, உடைந்த பேசினுக்குள் கற்றாழை. வயிற்றுப் புண் என்று யார் போனாலும் எங்கள் வைத்தியர் தாத்தா அந்தக் கானோரத்தைத்தான் காட்டுவார்.

அம்மா இருபத்தெட்டு வருடமாகத் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். காலையில் ஒரு பிளேன்டீ, பகலில் மலையில் நின்றபடியே ஆறிப்போன ரொட்டி. கூடை சுமந்த முதுகு வலிக்கு வெறும் வயிற்றில் வலி மாத்திரை. வயிறு புண்ணாக வேறென்ன வேண்டும்? டவுன் ஆஸ்பத்திரியில் கெமரா விட்டுப் பார்த்தார்கள். கிருமியும் இருக்கிறது என்றார்கள். 1982இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் கண்டுபிடித்த, 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு வாங்கிக்கொடுத்த அதே ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி. இலை தழையை நம்பி மருந்தை விட்டுவிட்டோம் என்று நினைக்காதீர்கள். கொடுத்த மாத்திரைகளை அம்மா ஒன்று விடாமல் விழுங்கினார். "அதை முடித்துவிட்டு வா" என்று அனுப்பியவரே தாத்தாதான். "கறுப்பாக வெளிக்குப் போனால் என்னிடம் வராதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்றும் சொன்னார்.

அப்புறம்தான் அவருடைய வைத்தியம். வாரத்தில் நாலு நாள் மணத்தக்காளிக் கீரைச் சொதி, மிளகாய் போடாமல், தேங்காய்ப்பால் விட்டு. கற்றாழைச் சோற்றை ஏழு தண்ணீரில் கழுவி மோரில் கலந்து காலையில். கடையில் வாங்கும் அதிமதுரம் ஒரு துண்டு, அதுவும் பிரஷர் இல்லாதவர்களுக்கு மட்டும். இது ஏதோ கிழவன் கதை என்று சிரிக்க வேண்டாம். மணத்தக்காளிப் பழச்சத்து எலிகளின் வயிற்றுப் புண்ணைக் குறைத்ததாக ஆய்வு இருக்கிறது. அதிமதுரத்திலிருந்து எடுத்த கார்பெனொக்சொலோன் என்ற மருந்தை 1960களில் இங்கிலாந்திலேயே வயிற்றுப் புண்ணுக்குக் கொடுத்தார்கள். எப்படியோ, அதற்குப் பிறகு ஆறு மாதம் அம்மா வலியால் இரவில் எழுந்து உட்காரவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். செவ்வாய் பகல், ஆட்கள் எல்லாம் மலையில் இருக்கும்போது, மருந்தடித்தார்கள். யாரும் சொல்லவில்லை. மறுநாள் அந்தியில் அம்மா வந்து வழக்கம்போல ஒரு மடி கீரை ஆய்ந்தார். கிளைபோசேட் என்ற அந்தக் களைக்கொல்லி அடித்த இலை உடனே வாடாது ஐயா, பல நாள் பச்சையாகவே நிற்கும். சொதி வைத்து நாங்கள் நாலு பேரும் சாப்பிட்டோம், என் தம்பி மகளுக்கும் ஊட்டினோம். அவளுக்கு மூன்று வயது. சனிக்கிழமை காலையில் அம்மா கானோரம் நின்று கூப்பிட்டார். இலையெல்லாம் ஓரத்திலிருந்து மஞ்சளித்துக் கிடந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே வந்து சட்டியை எடுத்து, கழுவிய சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்ல காலம். ஆனால் அன்றிலிருந்து அம்மா எந்தக் கீரையையும் தொடுவதில்லை. பழையபடி பிளேன்டீ, ரொட்டி. வலியும் பழையபடி. போன வாரம் இரண்டு நாள் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான்.

மருந்தடித்தவர் மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவரும் எங்கள் லயத்துக்காரர்தான். முகமூடிகூட இல்லாமல் முதுகில் டாங்கியைச் சுமந்து அடிக்கிறார். 2015இல் இலங்கையில் தடை செய்த கிளைபோசேட்டை 2018இல் திரும்ப அனுமதித்தபோது தேயிலைக்கும் இறப்பருக்கும் என்றுதான் அனுமதித்தார்கள். லயத்துக் கானில் தேயிலை நட்டிருப்பதாக எங்களுக்குத் தெரியாது. நட்டிருந்தால் சொல்லுங்கள், அதையும் பறித்துத் தருகிறோம்.

இந்த மலையில் மூலிகையின் மதிப்பு தெரியாதவர்கள் துரைமாராக இருந்ததில்லை. 1861இல் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கலயில் தோட்டம் போட்டதே சிங்கோனா மரத்துக்காகத்தான், அதன் பட்டையிலிருந்து காய்ச்சலுக்குக் கொயினா மருந்து எடுக்க. மூலிகை தூரதேசத்திலிருந்து வந்தால் அதற்குத் தோட்டம், எங்கள் லயத்தோரம் தானாக முளைத்தால் அதற்கு டாங்கி மருந்து. சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

கேட்பது ஒன்றுதான். லயத்துப் பின்கானில் மருந்தடிக்காதீர்கள். நீளம் நாற்பது அடிகூட வராது. அங்கே புல் வளர்ந்தால் ஞாயிற்றுக்கிழமையில் நாங்களே சுரண்டியால் எடுத்துவிடுகிறோம், அதற்குப் பேர் போட வேண்டாம். பக்கத்து மலையில் அடிப்பதாக இருந்தால் முதல் நாள் காலைப் பிரட்டில், வேலை பிரிக்கும்போது, ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். தயவுசெய்து அடுத்த சுற்று மருந்துக்கு முன்னால் பதில் தாருங்கள். உடைந்த பேசினில் கற்றாழை ஒன்று மட்டும் திரும்பத் துளிர்த்திருக்கிறது.

இப்படிக்கு,
கீழ்ப் பிரிவில் கொழுந்து பறிக்கும் ஒருவரின் மகள்