டாக்டர் தார்

அன்பு மகளுக்கு,

ஊருக்கே நோய் வராமல் தடுக்கும் வழி பார்க்கிற சமூக மருத்துவம் எடுத்ததற்காக, ‘நோயாளியைத் தொட்டுப் பார்க்காத டாக்டர்’ என்று உன் காதுபடவே சொந்தக்காரர்கள் பேசியதாக அம்மா சொன்னாள். எனக்குக் கோபம்தான் வந்தது. சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அவர்களுக்கான பதில் என் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது.

எர்னஸ்ட் குக்லியெல்மினெட்டி என்று ஒரு டாக்டர். 1862இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். டச்சுக்காரர்கள் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளில், அதாவது இன்றைய இந்தோனேசியாவில், வைத்தியம் பார்த்துவிட்டுப் பிறகு பிரான்சை ஒட்டிய குட்டி நாடான மொனாக்கோவில் வந்து தங்கினார். அங்கே அப்போது கப்பி ரோடுதான். உடைத்த ஜல்லியைப் பரப்பி, கல்தூளும் தண்ணீரும் விட்டு உருளையால் இறுக்கிய சாலை. குதிரை வண்டிகள் ஓடியவரை அது தாங்கியது. இரும்புப் பட்டைச் சக்கரம் தூளை மேலும் அழுத்தியது. மோட்டார் கார் வந்தது, வேகமாய்ச் சுழன்ற ரப்பர் டயர் ஜல்லிக்கு இடையிலிருந்த தூளை உறிஞ்சி வெளியே வீசியது. சாலையும் பெயர்ந்தது, ஊரும் புழுதியில் மூழ்கியது. நெஞ்சு நோய்க்காரர்கள் நல்ல காற்றைத் தேடி வந்த கடற்கரை அது! தண்ணீர் தெளித்தால் வெயில் ஏறும்வரைதான் பலன்.

இருமலுக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கிழக்கிந்தியத் தீவுகளில் மருத்துவமனைத் தரைக்குத் தார் பூசுவதைப் பார்த்திருந்தார். அந்த நாட்டை ஆண்ட இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆதரவோடு, 1902இல் மொனாக்கோவில் ஒரு துண்டுச் சாலைக்குச் சூடான தாரைப் பூச வைத்தார். நிலக்கரி வாயு ஆலைகளில் மிஞ்சிய கழிவுதான் அந்தத் தார். புழுதி அடங்கியது. ‘டாக்டர் தார்’ என்றே அவருக்குப் பெயர் வந்தது. ஒரு மருத்துவருக்கு இதைவிடப் பெரிய பட்டம் எனக்குத் தெரியவில்லை. வராத இருமலுக்கு யாரும் வந்து நன்றி சொல்லப் போவதில்லை. அதனால் அது வைத்தியம் இல்லையென்று ஆகிவிடுமா?

ஒன்று மிச்சமிருக்கிறது. நிலக்கரித் தாரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் உண்டு என்று பின்னால் தெரிந்தது. இன்று நாம் தார் என்று சொல்வது பெட்ரோலியத்திலிருந்து வருவது. ஆனாலும் புகை புகைதானே. என்னோடு வேலை பார்த்தவர்கள் காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் ஒரு துண்டோடு அந்தப் புகையில் நாள் முழுக்க நின்றார்கள். அவர்கள் நெஞ்சை யாரும் சோதித்து நான் பார்த்ததில்லை.

ஆய்வுக்குத் தலைப்புத் தேடுவதாகச் சொன்னாயே, இதை எடுத்துக்கொள் கண்ணு. பழைய மேஸ்திரி வீடு எனக்குத் தெரியும். விடுமுறையில் வரும்போது அழைத்துப் போகிறேன். மூச்சுத் திறன் அளக்கும் கருவியைக் கையோடு கொண்டுவர முடியுமா என்று உன் துறைத் தலைவரிடம் கேட்டு எழுது.

அப்பா