ஊக்கில் மாட்டிய மைக்

அம்மாப்பேட்டை, சேலம்
ஆடி வெள்ளி

அன்புள்ள கோமதி,

போன வாரம் பேசி முடிக்கும்போது, "உன் குரல் இப்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்கிறது, என்னடி வாங்கினாய்? எழுதி அனுப்பு, மருமகளிடம் காட்ட வேண்டும்" என்றாயே, அதற்குத்தான் இது. பெரிதாக ஒன்றும் இல்லை. வயர் வைத்த சாதா இயர்போன். என் போனில் உருண்டைத் துளை கிடையாது, அதனால் சார்ஜ் போடுகிற டைப்-சி துளையில் செருகுகிற மாதிரி கேட்டு வாங்கினேன்.

வாங்க வைத்தது என் கைதான். உன்னிடம் பேசி வைத்ததும் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துக் கிடக்கும். எலும்பு டாக்டர் முழங்கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "போன் அதிகம் பேசுவீர்களோ?" என்றார். முழங்கையின் உள்பக்கமாக ஒரு நரம்பு ஓடுகிறதாம். நிலைப்படியில் இடித்துக்கொண்டால் சுரீர் என்று இழுக்குமே, அதே நரம்பு. கையை மடக்கியே வைத்திருந்தால் அது இழுபட்டு நசுங்கும். அந்த இரண்டு விரலுக்கும் உணர்ச்சி போவது அதன் வழியாகத்தான். மாத்திரை எழுதவில்லை, கையை நீட்டி வைத்துப் பேசுங்கள் என்று அனுப்பிவிட்டார். நீ தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு தோசை சுடுவாயே, அதையும் விட்டுவிடு. கை தப்பிக்கும், கழுத்து மாட்டிக்கொள்ளும்.

ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள் பாட்டி என்றான் பேரன். எங்கள் தெருவிலா? பக்கத்துச் சுவரில் விசைத்தறி, ஆடி பிறந்துவிட்டால் கோயில் மைக் செட் வேறு. ஆனால் சத்தம்கூட எனக்குப் பெரிதில்லை. ஸ்பீக்கர் என்று தெரிந்ததும் உன் பேச்சே மாறிவிடுகிறது, கோமதி. "எல்லாரும் சவுக்கியமா, மழை உண்டா" என்று ரேடியோவில் வாசிப்பது போல ஆரம்பித்துவிடுகிறாய். உன் சம்பந்தி வீட்டுக் கதை பாதியில் நின்றது அப்படித்தான். மீதியை இன்னும் நீ சொல்லவில்லை.

மகள் கொடுத்த ப்ளூடூத் காதுமாட்டியும் இருக்கிறது. பாட்டுக் கேட்கப் பிரமாதம். பேச ஆரம்பித்தால் நம் குரலும் அதே வழியில் போயாக வேண்டும், அதனால் பல மாடல்களில் ஒலி மட்டமாகிவிடும். மைக்கும் காதோரத்தில் இருப்பதால் நம் குரலோடு தறியின் குரலையும் சேர்த்து அனுப்புகிறது. நல்ல கட்டத்தில் சார்ஜ் தீர்ந்துவிடுவது தனி.

வயரில் மைக் தாடைக்குக் கீழே தொங்கும். தொங்கவிட்டால் தாலிக்கொடியில் உரசி உன் காதில் கரகர என்று கேட்கும். அதற்கு ஒரு ஊக்கு போதும். மைக்குக்குக் கொஞ்சம் கீழே வயரைச் சின்னதாக வளைத்து, அந்த வளைவுக்குள் ஊக்கை விட்டு, சேலையின் தோள் மடிப்பில் குத்திக்கொள். வயரைக் குத்திவிடாதே. ஒரு காதில் மட்டும் மாட்டு, இன்னொரு காது குக்கர் விசிலுக்கு.

இடமும் பார்க்க வேண்டும். எங்கள் கூடத்தில் வெறும் சுவரும் டைல்ஸும்தான், குரல் மோதித் திரும்பும். மெத்தையும் துணியும் அடுக்கிய உள்ளறையில் அந்த எதிரொலி அடங்கிவிடுகிறது. கட்டிலில் சாய்ந்து, மடியில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பேசுகிறேன். கீரை உருவினால் உனக்கு எதுவும் கேட்காது. வெங்காயம் நறுக்கினால்தான் டொக் டொக் என்று கேட்டு, "என்ன குழம்பு?" என்று பேச்சை மாற்றுவாய்.

இதெல்லாம் என் பக்கம். உன் பக்கத்துக் கோளாறு வேறு. ஏற்காட்டு மலையில், உங்கள் நாகலூரில் டவர் கிடைக்காமல் நீ காப்பித் தோட்டத்து மேட்டில் ஏறி, பனியில் நின்றுகொண்டு பேசுகிறாய். இந்த வயதில் அது வேண்டுமா? வீட்டில்தான் பேரன் படிப்புக்கு வைஃபை போட்டாயிற்றே. போனின் செட்டிங்ஸில் 'வைஃபை காலிங்' என்று ஒன்று இருக்கும், மருமகளை விட்டு ஆன் செய்யச் சொல். 2019 கடைசியிலிருந்தே நம் நாட்டில் இந்த வசதி உண்டு. உன் போனிலும் சிம்மிலும் இருந்தால் சாதாரண அழைப்பே வைஃபை வழியாகப் போகும். அதே நம்பர்தான், தனி ஆப் எதுவும் வேண்டாம், எனக்கு வைஃபை இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

ஒரே சிக்கல் கரண்ட். ஆடிக் காற்றில் உங்கள் மலையில் மரம் சாய்ந்து லைன் அறுந்தால் வைஃபையும் படுத்துவிடும். அதற்கென்றே கைக்கடக்கமான பேட்டரிப் பெட்டி விற்கிறார்கள், மோடத்துக்கும் பிளக்குக்கும் நடுவில் மாட்டுவது. மோடத்தின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். பெரும்பாலும் 12 வோல்ட்டாக இருக்கும், எதற்கும் பார்த்துச் சொல். நான் இங்கே வாங்கி வைக்கிறேன். இங்கே குகை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் வண்டி வேடிக்கை, அந்த அலங்கார வண்டி ஊர்வலம், பார்க்க உன் மகன் வருவான் அல்லவா, அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். போன வருடத்து மிளகு மிச்சமிருந்தால் அவன் கையில் கொஞ்சம் கொடுத்துவிடு.

அன்புடன்,
சரோஜா