ரிசர்வ் வேண்டாம், அந்த வெள்ளையே போதும்

மலிவு விலையில் ஒயின் தயாரிக்கும் சின்ன ஆலைக்காரர்களுக்கு,

வணக்கம். நான் ஒயின் நிபுணன் எல்லாம் இல்லை. மாதத்தில் மூன்று நான்கு பாட்டில் வாங்கி, ஒவ்வொன்றையும் இரண்டு நாள் வைத்துக் குடிக்கிற சாதாரண ஆள். பெரிய பெயர்கள் என் பட்ஜெட்டில் வராது, அதனால் உங்கள் பாட்டில்கள்தான் எனக்குக் கதி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவற்றில் சில நிஜமாகவே பிடித்துப்போனதால்தான் இவ்வளவு தூரம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சமீபத்தில் ஒரே ஆலையின் மூன்று பாட்டில்களை அடுத்தடுத்துத் திறந்தேன்: ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு, அப்புறம் பொன் எழுத்தில் ‘ரிசர்வ்’ (நாள்பட முதிரவைத்த உயர்ரகம் என்று காட்டிக்கொள்ளும் பெயர்) என்று போட்ட இன்னொரு சிவப்பு. எந்த ஆலை என்பது முக்கியமில்லை, நான் சொல்லப்போவது உங்களில் பலருக்கும் பொருந்தும்.

வெள்ளை, செனின் பிளாங்க் என்ற திராட்சையில் செய்தது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றிக் குடித்தேன். ஒன்றுமே இல்லை, புளித்த தண்ணீர் மாதிரி இருந்தது. சரி, காசு போச்சு என்று கிளாஸை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். கிளாஸின் வெளிப்பக்கத்து வியர்வை காய்ந்த பிறகு திரும்ப எடுத்தால், அதே ஒயினில் கொய்யா வாசம், பின்னால் லேசாகத் தேன், நாக்கின் ஓரங்களில் சுரீரென்று ஒரு புளிப்பு! ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் எந்த ஒயினும் வாயைத் திறக்காது, 10 டிகிரி பக்கம் வந்தால்தான் பேச ஆரம்பிக்கும். இது உங்களுக்குத் தெரியும், வாங்குகிற எல்லோருக்கும் தெரியாது. ‘நன்கு குளிரவைத்துப் பருகவும்’ என்று லேபிளில் போடுவதற்குப் பதிலாக, ‘ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் கழித்துக் குடியுங்கள்’ என்று போட்டால் உங்கள் வெள்ளைக்கு எவ்வளவு நல்ல பெயர் கிடைக்கும்.

அந்த பாட்டிலில் ஒரு குறை, அறுவடை ஆண்டு எங்கேயும் இல்லை. கழுத்து, முதுகு, அடிப்பக்கம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மலிவான வெள்ளை ஒயின் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுக்குள் குடித்துவிட வேண்டிய சரக்கு, வயதாக ஆகப் பழ வாசம் போய்விடும். ஆண்டு இல்லாத பாட்டிலை வாங்குவது சீட்டாட்டம் மாதிரிதான், இந்த முறை எனக்கு நல்ல சீட்டு விழுந்தது. பல அறுவடைகளைக் கலந்திருந்தால் பாட்டிலில் அடைத்த மாதத்தையாவது போடுங்கள்.

சாதாரண சிவப்பு, ஷிராஸ் திராட்சை. தக்கையைத் திறப்பதற்கு முன்பே சங்கதி தெரிந்துவிட்டது. தக்கை பாட்டில் வாயைவிட ஒரு நூல் மேலே ஏறியிருந்தது, உறையை உரித்தால் கழுத்தில் காய்ந்துபோன சிவப்புக் கோடு, தொட்டால் பிசுபிசு. வழியில் எங்கோ வெயிலில் கிடந்திருக்கிறது. சூட்டில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளி, ஓரமாகக் கசிந்திருக்கிறது. குடித்தால் பழம் இல்லை, பழத்தை வேகவைத்த ருசி. நீங்கள் நன்றாகத்தான் செய்திருப்பீர்கள். ஆனால் லாரியில் ஏறியதும் உங்கள் பொறுப்பு முடிந்தது என்று நினைத்தால், என் வாய்க்கு வருவது நீங்கள் செய்த ஒயின் இல்லை. பெட்டியை நிழலில் வை என்று விநியோகஸ்தரிடம் கறாராகச் சொல்லக்கூடாதா?

இப்போது அந்த ரிசர்வுக்கு வருகிறேன், என் உண்மையான வழக்கு இதோடுதான். காபர்னே சாவின்யோன் திராட்சை. கனமான பாட்டில், அடியில் கட்டைவிரல் நுழைகிற பள்ளம். மூக்கருகே கொண்டுபோனால் வெனிலாவும் மரத்தூளும், ஏதோ தச்சுப் பட்டறைக்குள் நுழைந்த மாதிரி. அந்த வாசம் அடங்கியதும் அடியிலிருந்து பச்சைக் குடைமிளகாய் எழும்பியது. காபர்னே சரியாகப் பழுக்கும் முன்பே பறித்தால் அப்படித்தான் நாறும், எவ்வளவு மரத்தைப் போட்டாலும் மறையாது. நாக்கில் துவர்ப்பு வேறு தனியாக, பழத்தோடு ஒட்டாமல் நின்றது. (டானின் டானின் என்று லேபிளில் எழுதுகிறார்களே, அந்த ருசிக்கு நம்மிடம் துவர்ப்பு என்று அழகான சொல் இருக்கிறது, அறுசுவையில் ஒன்று.)

ஒயினை முதிரவைத்து அந்த மர வாசத்தை ஏற்றுகிற ஓக் மரப் பீப்பாய் என்ன விலை என்பது எனக்குப் புரியாமல் இல்லை. வழக்கமான 225 லிட்டர் பீப்பாயிலிருந்து வருவதே 300 பாட்டில்தான், உங்கள் விலைக்குப் புதுப் பீப்பாய் கட்டுப்படியாகாது. அதனால் தொட்டிக்குள் ஓக் சில்லுகளைப் போடுகிறீர்கள். போடுங்கள், பல நாடுகளில் அது சட்டப்படியே நடக்கிறது. அதற்குப் பீப்பாய் வேஷம் கட்டுவதுதான் உறுத்துகிறது. ஸ்பெயினில் ஒரு சிவப்பு ஒயின் ‘ரிசர்வா’ என்ற பெயரை வாங்க மொத்தம் 3 ஆண்டு முதிர வேண்டும், அதில் 1 ஆண்டாவது பீப்பாயில் இருக்க வேண்டும். இந்த மாதிரி விதியில்லாத இடங்களில் ‘ரிசர்வ்’ என்பது வெறும் பொன் எழுத்து. அந்த எழுத்துக்கும் கனமான கண்ணாடிக்கும் சில்லுக்கும் ஆன செலவைத் திராட்சை இன்னும் பத்து நாள் கொடியிலேயே தொங்குவதற்குச் செலவழித்திருந்தால் குடைமிளகாய் வந்திருக்காது.

சர்க்கரை பற்றியும் ஒரு வார்த்தை. கசப்பையும் காரத்தையும் மறைக்க ஒயினில் இனிப்பை மிச்சம் வைக்கிற வழக்கம் இருக்கிறதே, வையுங்கள், இனிப்பான ஒயின் பாவமில்லை. ஆனால் ‘டிரை’, அதாவது இனிப்பில்லாதது, என்று எழுதிவிட்டு வைக்காதீர்கள். ஐரோப்பிய விதியில் லிட்டருக்கு 4 கிராம் வரைதான் டிரை, புளிப்பு தூக்கலாக இருந்தால் 9 வரை விடுகிறார்கள். உங்கள் பாட்டிலில் எத்தனை கிராம் என்று பின்னால் ஒரே ஒரு எண் போடுங்கள். அது போதும், ‘வெல்வெட் போன்ற மிருதுவான முடிவு’ எல்லாம் எதற்கு?

ரிசர்வில் பாதி பாட்டில் இன்னும் அலமாரியில் கிடக்கிறது. வெள்ளையை மட்டும் போன வாரம் மறுபடி இரண்டு வாங்கினேன். அடுத்த அறுவடையின் வெள்ளை எப்போது வெளிவருகிறது என்று சொல்லுங்கள், தயவுசெய்து லேபிளில் ஆண்டோடு.

இப்படிக்கு,
உங்கள் விலைக்கு வாங்குகிற ஒருவன்